பின்னிணைப்பு நான்கு: மடி நிரப்புதல்

விதி 17 (ஆ): 'வாசலில் நிற்கும் பணியாளர், ஒரு குறிப்பிட்ட விருந்தினருக்கு ஒரு குறிப்பிட்ட உபசாரம் பொருந்தாது என்று கருதினால் அதை நிறுத்திவைக்கலாம். மேலாளர் காரணம் கேட்கக் கூடாது.'

இது நம் கையேட்டில் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அதைப் படித்திருப்பீர்கள், அல்லது படித்ததாகக் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். நம் தொழிலில் இரண்டும் ஒன்றுதான். கையேட்டில் மொத்தம் முப்பத்தொன்பது விதிகள். முப்பத்தெட்டை எழுதியவன் நான். மீதி ஒன்று வழக்கறிஞர் எழுதியது. அது மட்டும்தான் யாருக்கும் புரியாது.

பணி ஓய்வு பெற்று ஓர் ஆண்டு ஆகிறது. உங்களுக்கு என் அனுபவங்களை எழுதித் தரும்படி நிர்வாகத்தில் கேட்டார்கள். ஓட்டல் வரவேற்பு மேசையில் தொடங்கி, பிறகு கோவையிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினெட்டு வீடுகளை நாள் வாடகைக்கு விட்டுப் பராமரித்த ஆள் என்பதால், எப்படி எல்லா வீட்டையும் நிரப்பினேன் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருக்கலாம். அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். படம் எடுக்க, விலையை ஏற்றி இறக்க, சாவிப்பெட்டியின் எண்ணைக் கைப்பேசியிலேயே மாற்ற நீங்கள் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. நான் சொல்லக்கூடியது, நான் எழுதிய விதியை நானே மீறிய ஒரு புதன்கிழமையைப் பற்றி.

கணபதியில் நமக்கு ஒரு பழைய மாடி வீடு இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். முன்னால் மாமரம், பின்னால் இரண்டு அறைகளோடு ஒரு சிறு வீடு, மூன்று பக்கமும் லேத்துப் பட்டறைகள். வாடகை வீடுகளைப் பதியும் இணையதளத்தில் போட்டிருக்கும் விளம்பரத்தில் 'மரநிழலில் ஓர் அமைதியான இல்லம்' என்று எழுதியதும் நான்தான். படங்களை ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். பட்டறைகளுக்கு அன்று விடுமுறை. படத்தில் சத்தம் வராது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையே எடுத்தோம். அவ்வளவு முறையாகப் பொய் சொன்னோம்.

வீட்டின் உரிமையாளர், தெலுங்கு பேசும் பழைய குடும்பத்தைச் சேர்ந்தவர். தாத்தா காலத்தில் விவசாயம், அப்பா காலத்தில் நூல் ஆலை, இவர் காலத்தில் ஆலையை விற்றுவிட்டு மிச்சமிருந்தது இந்த வீடு. தாயார் கடைசிவரை அங்கேதான் இருந்தார். அவர் போனபின் பூட்டிக் கிடக்க வேண்டாம் என்று நம்மிடம் ஒப்படைத்தார்கள். அந்தத் தாயாருக்குச் சமைத்துப்போட வந்த துளசிமணி, அப்படியே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கும் வந்தார். பெருந்துறைப் பக்கத்துக்காரர். கணவர் அடுத்த தெருப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். இருவரும் அந்தப் பின்வீட்டில் குடியிருந்தார்கள். ஒரே மகளைச் சூலூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

கோவையில் நாள் வாடகை வீடு என்றால் ஊட்டிக்குப் போகிறவர்கள் ஓரிரவு தங்குவது என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் தங்குவது மருத்துவமனைக்கு வருகிறவர்கள்தான். படிவத்தில் 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் யாரும் அதை எழுதுவதில்லை. 'ஓய்வு' என்று எழுதுவார்கள். நாமும் 'நல்ல ஓய்வுக்கு வாழ்த்துகள்' என்று தானியங்கிச் செய்தி அனுப்புவோம்.

துளசிமணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கணவன் மனைவியாகவோ குடும்பமாகவோ சில நாள் தங்கிப் புறப்படும் பெண்களை வாசலில் நிறுத்தி, முந்தானையை ஏந்தச் சொல்லி, அரிசி, தேங்காய், மஞ்சள், வெற்றிலைபாக்கு, வாழைப்பழம் வைத்து அனுப்புவார். பிறந்த வீட்டிலிருந்து புறப்படும் மகளுக்கு அம்மா மடி நிரப்பி அனுப்புவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவர் செய்ததும் இல்லை. தேர்வு எழுத வந்த மாணவிகளுக்குப் புளிசாதம் கட்டிக்கொடுத்தார். கண் அறுவை முடிந்து புறப்பட்ட ஒரு பெரியவரின் மனைவிக்கு எதுவும் கொடுக்காமல், பையை மட்டும் கார்வரை தூக்கிவந்தார். ஒரு முறை நான் சோதனைக்குப் போனபோது பதிவேட்டில் எழுதினேன்: 'வழியனுப்புவதில் ஒரே சீரான முறை இல்லை.'

ஒரு விருந்தினர் அந்த மடி நிரப்பலைப் படம் எடுத்து மதிப்புரையில் போட்டார். 'ஓட்டலில் ரசீது தருவார்கள், இங்கே அம்மா வீடு தருகிறார்கள்' என்று எழுதியிருந்தார். அந்த மாதம் வீடு ஒரு நாள்கூடக் காலியில்லை. சந்தைப்படுத்தல் என்ற கலையில் எனக்கிருந்த பயிற்சி முழுவதும் விழித்துக்கொண்டது. விளம்பரத்தின் முதல் வரியாக அதைப் போட்டேன். கையேட்டில் சேர்த்தேன்: பின்னிணைப்பு நான்கு. தட்டில் இருக்க வேண்டிய பொருள்கள், நிற்க வேண்டிய இடம், ஆரத்தி உண்டா இல்லையா, எல்லாம். காலி செய்யும் ஒவ்வொரு பெண் விருந்தினருக்கும் கட்டாயம். செய்ததற்குச் சான்றாக ஒரு படம் எனக்கு வாட்ஸப்பில் வர வேண்டும். கூடவே ஒரு அட்டையும் அச்சடித்தோம். நல்ல தடித்த காகிதம், மஞ்சள் நிறம். அதில் இருந்த வாசகம்: 'அடுத்த முறை குடும்பம் பெருகி வாருங்கள்.' அரைமணி நேரத்தில் எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே பிடித்திருந்தது.

ஒரு வேலையை நன்றாகச் செய்கிறவரிடமிருந்து அந்த வேலையை வாங்கி, கையேட்டில் போட்டு, அவரிடமே திருப்பிக் கொடுக்கும்போது, அதில் ஏதோ ஒன்று வழியில் விழுந்துவிடுகிறது. என்ன விழுந்தது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. துளசிமணிக்குத் தெரிந்திருக்கும். 'சரிங்க சார்' என்று அட்டைக்கட்டை வாங்கிக்கொண்டார்.

அந்தத் தை மாதம் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு தம்பதி பன்னிரண்டு இரவுக்கு வந்தார்கள். மனைவி பள்ளி ஆசிரியை, முப்பத்தைந்து வயது இருக்கலாம். கணவர் ஏதோ அலுவலகத்தில். நோக்கம்: ஓய்வு. தினமும் காலையில் இருவரும் கிளம்பி மதியம் திரும்புவார்கள். பிறகு அந்த அம்மா அறையைவிட்டு வெளியே வருவதில்லை. துளசிமணி எதையும் கேட்கவில்லை. விருந்தினரின் சொந்த விஷயங்களைக் கேட்கக் கூடாது என்பது விதி ஒன்பது. கேட்காமலே அவருக்குப் புரிந்திருந்தது. பின்னால் அவர் கணவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: அந்த நாட்களில் ஒருநாள் சூலூரிலிருந்து மகள் பார்க்க வந்திருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். ஆசிரியையின் கண்ணில் பட வேண்டாம் என்று மகளைப் பின்சந்து வழியாக அழைத்துவந்து, பின்சந்து வழியாகவே பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார்.

புறப்படும் புதன்கிழமை, பதினொன்றுக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது துளசிமணி என்னைக் கூப்பிட்டார்.

"சார், இன்னைக்கு மடி நெரப்பறது வேண்டாமுங்க."

"ஏன், தேங்காய் இல்லையா?"

"தேங்கா எல்லாம் இருக்குதுங்க. இவுங்களுக்கு வேண்டாம், உட்டுருங்க சார்."

"காரணம் சொல்லுங்கம்மா."

"போன்ல சொல்றாப்பல இல்லீங்க."

என் நிலைமையையும் சொல்ல வேண்டும், அது மன்னிப்பாகாது என்றாலும். அந்த மாதத்தில் அந்த வீட்டுக்கு இரண்டு மதிப்புரைகளில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்தான் வந்திருந்தது. இரண்டுமே பட்டறைச் சத்தத்துக்காக. ஞாயிற்றுக்கிழமைப் படம் தன் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. மூன்றாவதும் நான்காக வந்தால் 'சிறந்த வீடு' என்று தளம் கொடுத்திருந்த பட்டம் போய்விடும். உரிமையாளர் அன்று காலைதான் அதைப் பற்றி விசாரித்திருந்தார். விளம்பரத்தின் முதல் வரியில் வாக்களித்ததை இந்த விருந்தினருக்கு மட்டும் செய்யாமல் விட்டால், அவர் எழுதமாட்டாரா? இதுதான் என் மூளையில் இருந்த மொத்தமும்.

"எல்லாருக்கும் செஞ்சாங்க, எனக்குச் செய்யலைன்னு அந்தம்மா எழுதினா யார் பதில் சொல்றது?" என்றேன். "விதின்னா விதிதான். செஞ்சுட்டுப் படம் அனுப்புங்க."

போனில் லேத்துச் சத்தம் கேட்டது.

"சரிங்க சார்" என்றார்.

பதினொன்று இருபதுக்குப் படம் வந்தது. வந்தவுடன் பார்த்தேன். பார்த்தேன் என்றால், தட்டு இருக்கிறதா, தேங்காய் இருக்கிறதா, அட்டை தெரிகிறதா, பின்னால் நம் பெயர்ப்பலகை விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். நான்கும் இருந்தன. உரிமையாளருக்கு அனுப்பினேன். அவர் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

மூன்றாம் நாள் தளத்திலிருந்து புகார் வந்தது. வீட்டின் இணையப் பக்கத்தை முடக்கியிருந்தார்கள். ஆசிரியை எழுதியிருந்ததை அப்படியே இணைத்திருந்தார்கள். நீளமாக இல்லை. மருத்துவமனையிலிருந்து சிகிச்சை பலிக்கவில்லை என்று தொலைபேசி வந்து ஒருமணி நேரம்கூட ஆகவில்லை; கணவர் மாடியில் பைகளை எடுத்துக்கொண்டிருந்தார்; தன்னை வாசலில் நிறுத்தி, துப்பட்டாவை ஏந்தவைத்து அரிசியும் மஞ்சளும் போட்டு, 'குடும்பம் பெருகி வாருங்கள்' என்ற அட்டையைக் கையில் கொடுத்து, அதைக் கார் ஓட்டுநரை விட்டுப் படமும் எடுத்தார்கள்; தாங்கள் எதற்காக வந்தோம் என்று வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குத் தெரியும் என்றே நினைக்கிறாராம்; தெரிந்தே செய்தால் அதற்குப் பெயர் என்ன என்று நீங்களே சொல்லுங்கள். இவ்வளவுதான். கடைசியில் துளசிமணியின் பெயரைக் குறிப்பிட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே பெயர் அதுதான்.

நான் படத்தை மறுபடி திறந்தேன். அப்போதுதான் அதில் இரண்டு பெண்கள் இருப்பதைப் பார்த்தேன். ஒருவர் தன் துப்பட்டாவில் விழுந்த அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தலையைக் குனிந்து நின்றார்.

உரிமையாளர் வரச்சொல்லி அனுப்பினார். போனேன். எப்போதும் போலத் தேநீர் கொடுத்தார். புகாரை அவரும் படித்திருந்தார்.

"அம்மா இருந்த ஊடுங்க சார் அது" என்றார். "அந்த வாசல்ல நின்னு ஒரு பொண்ணு இப்படிப் போயிருக்குது. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. துளசிமணியக்கா எத்தனையோ வருசமா இருக்கறவங்கதான், இல்லீன்னு சொல்லலீங்க. ஆனா இதுக்கப்புறம் அங்க வெச்சுக்க முடியாதுங்க. அனுப்பிச்சுருங்க."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. உண்மை தெரியாதவர். அவருக்கு அதைச் சொல்ல வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அங்கேயே சொல்லியிருக்கலாம், ஒரே வாக்கியம்தான். நான் தேநீர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தளத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் மூன்று கட்டங்கள்: என்ன நடந்தது, பொறுப்பு யார், என்ன நடவடிக்கை. மூன்றாவது கட்டத்துக்கு நம்மிடம் ஒரு ஆயத்த வாக்கியம் இருக்கிறது. 'சம்பந்தப்பட்ட பணியாளர் உடனடியாகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.' அதை எழுதினால் அன்றைக்கே பக்கம் திறந்துவிடும். அனுபவத்தில் சொல்கிறேன். நான் அதை எழுதி முடித்துவிட்டேன். அனுப்பும் முன் பணியாளரின் விளக்கத்தை எழுத்தில் வாங்க வேண்டும் என்பது முறை. நான் முறை தவறாதவன். மறுநாள் காலை கணபதிக்குப் போனேன்.

துளசிமணி எனக்கு மோர் கொண்டுவந்தார். வீடு மூடியிருந்தும் வாசலைக் கூட்டித் தெளித்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். புகாரில் உள்ளதைப் படித்துக் காட்டினேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன். 'நாந்தான் வேண்டாம்னு சொன்னேனுங்களே சார்.' அதைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. சொல்லியிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன், நிலைமையை விளக்கியிருப்பேன், விளக்குவதில் எனக்கு நாற்பது வருடப் பழக்கம்.

அவர் அதைச் சொல்லவில்லை.

"அந்தப் புள்ள இப்ப எப்படி இருக்குதுன்னு ஏதாச்சும் தெரியுங்களா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன்.

"போன் வந்தப்ப பொறவாசல் படியில உக்காந்திருந்துச்சுங்க. தண்ணி வேணும்னுச்சு. குடுத்தேன். கையில வெச்சுட்டே இருந்துச்சு, குடிக்கல. அப்பறந்தான் உங்களைக் கூப்புட்டேன்." பிறகு நான் கொண்டுபோயிருந்த விளக்கப் படிவத்தைப் பார்த்தார். "இதுல என்ன எழுதோணுமுங்க?"

"என்ன நடந்ததுன்னு எழுதணும்."

"எம்மேலயே எழுதிக்குங்க சார். உங்களுக்குன்னா பதினெட்டு ஊடு இருக்குது, எல்லாத்துக்கும் கெட்ட பேராயிரும். எனக்கு ஒரே ஊடுதானுங்களே." பேனாவை வாங்கிக்கொண்டு, "பங்குனி முடியற வரைக்கும் பொறுத்துக்குவாங்களான்னு மட்டும் கேளுங்க. அப்ப எம்புள்ளைக்கு ஏழாம் மாசம். வளையல் போட்டுக் கூட்டீட்டு வரோணும். தலப்பிரசவம், நாங்கதான் பாக்கோணும். அதுக்குள்ள வேற எடம் பாத்துக்கறோமுங்க" என்றார்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். படிவத்தில் எழுத்து எதுவும் இல்லை. வெற்றுத் தாளில் கையெழுத்து. நான் என்ன எழுதினாலும் அவருக்குச் சம்மதம்.

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது விதி இருபத்திரண்டு. என் கையில் இருந்த அந்தத் தாளை என் பணிக்காலத்தில் பார்த்த வேறு எந்தத் தாளோடும் ஒப்பிட முடியவில்லை. பைக்குள் வைக்க மனம் வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு அலுவலகம் வந்தேன்.

தளத்துக்கான படிவத்தில் பழைய வாக்கியத்தை அழித்தேன். முதல் கட்டத்தில் நடந்ததை எழுதினேன், பத்தே முக்காலுக்கு வந்த தொலைபேசியையும் சேர்த்து. இரண்டாவது கட்டத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதினேன். விதி 17 (ஆ)-வையும் பின்னிணைப்பு நான்கையும் இணைத்து, இரண்டையும் எழுதியவன் நானே, அட்டை வாசகமும் என்னுடையதே என்று குறிப்பிட்டேன். மூன்றாவது கட்டத்தில், பின்னிணைப்பு நான்கு நீக்கப்பட்டது, அட்டைகள் அழிக்கப்பட்டன, படங்கள் அழிக்கப்பட்டன, பணியாளர் மீது நடவடிக்கை இல்லை, அவர் சொன்னதே சரி என்று எழுதினேன். ஒரு நகலை உரிமையாளருக்கு அனுப்பினேன். நேரில் சொல்ல வேண்டியதை நகலாக அனுப்பினேன் என்பதையும் கவனியுங்கள். என் தைரியத்தின் அளவு அன்று அவ்வளவுதான்.

அவர் உடனே கூப்பிட்டார்.

"நீங்க சொல்லித்தான் செஞ்சாங்களா?"

"ஆமாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே சார்."

அவ்வளவுதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. இந்த ஊரில் பலர் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் மறந்துவிட்டேன்.

துளசிமணியை அனுப்பும் பேச்சை அதோடு விட்டுவிட்டார். ஆனால் வீடு மூடிக் கிடந்தது. தளத்திலிருந்து முதலில் 'உங்கள் விளக்கம் பெறப்பட்டது' என்று வந்தது. பிறகு இன்னொன்று: பணியாளர் மீது நடவடிக்கை எடுக்காத நிலையில், புகார் கொடுத்தவர் திருப்தி தெரிவித்தால் மட்டுமே பக்கம் திறக்கப்படும். பக்கத்துப் பட்டறைக்காரர் அந்த வீட்டைச் சரக்கு வைக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். லாரி உள்ளே போய்த் திரும்ப வேண்டும் என்றால் பின்வீட்டை இடித்தாக வேண்டும். மார்ச் கடைசிவரை பார்க்கிறேன், அதற்குமேல் பூட்டிவைக்க முடியாது என்று உரிமையாளர் தன்மையாகவே சொன்னார். ஆக, நான் உண்மையை எழுதியதால் துளசிமணிக்கு வேலை போகவில்லை. வீடு போகும்போல இருந்தது. உண்மையை உரிய நேரத்தில் சொல்லாவிட்டால் அது பாதி வேலைதான் செய்யும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்த விருந்தினரை நாம் தொடர்புகொள்ளக் கூடாது. தளத்தின் வழியாக ஒரே ஒரு செய்தி அனுப்பலாம். அந்த ஒன்றை ஏழு முறை எழுதினேன். முதல் வரைவு இரண்டு பக்கம். அதில் கொங்கு நாட்டு வழக்கம் பற்றி ஒரு பத்தி இருந்தது. மன்னிப்புக் கடிதத்தில் வழக்கத்தை விளக்குகிறவன் மன்னிப்புக் கேட்கவில்லை, வாதாடுகிறான். அதை எடுத்தேன். இரண்டாவதில் பட்டறைச் சத்தமும் நான்கு நட்சத்திரமும் இருந்தன. எடுத்தேன். நான்காவதில் துளசிமணியின் மகளைப் பற்றி எழுதினேன், வீடு போய்விடும் என்று. எழுதி முடித்து ஒரு நாள் வைத்திருந்தேன். அந்த அம்மாவிடம் போய், இன்னொருத்தியின் பிரசவத்துக்காக மன்னியுங்கள் என்று கேட்கப் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாக இந்த முறை கண் தெரிந்தது. அதையும் எடுத்தேன்.

ஏழாவதில் மிஞ்சியது இது: 'அட்டையில் இருந்த வாக்கியத்தை எழுதியவன் நான். அன்று காலை, உங்களுக்கு இதைச் செய்ய வேண்டாம் என்று துளசிமணி என்னிடம் தொலைபேசியில் சொன்னார். காரணம் சொல்ல மறுத்துவிட்டார். செய்யத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது நான். உங்கள் படத்தை எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிட்டேன். நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.'

அனுப்பினேன். பதில் எழுத வேண்டியதில்லை என்று எழுதிவிட்டு, தினமும் நான்கு முறை தளத்தைத் திறந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். பிப்ரவரி போயிற்று. மாசி முடிந்து பங்குனி பிறந்தது. பட்டறைக்காரர் ஒருநாள் அளவுநாடாவோடு வந்து பின்வீட்டுச் சுவரிலிருந்து கேட்வரை அளந்துவிட்டுப் போனார். துளசிமணி அவருக்கும் மோர் கொடுத்திருக்கிறார். அவர் கணவர் வேலை முடிந்து வரும் வழியில் வாடகைக்கு அறை கேட்டு அலைந்தார். கைக்குழந்தை வரப்போகும் வீடு என்றதும் சிலர் யோசித்தார்கள், சிலர் மாடி அறையைக் காட்டினார்கள். சூலூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வளைகாப்புக்கு நாள் கேட்டார்கள். துளசிமணி இரண்டு முறை தள்ளிப்போட்டார், காரணம் சொல்லாமல்.

நான் போகும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார். பதில் வந்ததா என்றல்ல. "அந்தப் புள்ள நல்லா இருக்குதுங்களா?"

நீங்கள் இந்தத் தொழிலில் நீண்டநாள் இருப்பீர்கள் என்றால், ஒரு நாள் உங்களுக்கும் இப்படி ஒரு தொலைபேசி வரும். வாசலில் நிற்கிறவர் 'வேண்டாமுங்க' என்பார். அவரிடம் சான்று இருக்காது. உங்களிடம் சான்று, விதி, நட்சத்திரக் கணக்கு எல்லாம் இருக்கும். அவருக்கு அந்த விருந்தினரின் முகம் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. அந்த ஒரு வித்தியாசத்துக்கு எதிராக உங்களிடம் இருக்கும் எதுவும் நிற்காது. இதை எழுத எனக்கு ஒரு பக்கம் போதும். புரிந்துகொள்ள ஏழு வாரம் ஆயிற்று.

பதில் வந்தது. அதை அச்செடுத்துக் கணபதிக்குக் கொண்டுபோய், துளசிமணியையும் அவர் கணவரையும் உட்காரவைத்துப் படித்தேன்.

'உங்கள் செய்தியை வந்த அன்றே படித்தேன். பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அன்று துளசிமணி அக்கா என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் மீது எனக்குக் குறையில்லை. புகாரைத் திரும்பப் பெற்று, வீட்டைத் திறக்கலாம் என்று தளத்துக்கு எழுதிவிட்டேன். இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உங்கள் மேல் உள்ள வருத்தம் அப்படியே இருக்கிறது. அது போகும்போது போகட்டும்.'

கடைசி இரண்டு வரிகளையும் விடாமல் படித்தேன். துளசிமணியின் கணவர் எழுந்து உள்ளே போய்ச் சம்பந்தி வீட்டுக்கு வளைகாப்பு நாளைச் சொல்லப் போன் போட்டார். துளசிமணி அங்கேயே உட்கார்ந்திருந்தார். பதிலுக்கு ஏதாவது எழுத வேண்டுமா, நான் எழுதித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாமுங்க சார்" என்றார். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அலுவலகத்துக்கு வந்து, கோப்பில் சேர்த்து, வரவுப் பதிவேட்டில் என் கையாலேயே எழுதினேன். அனுப்புநர்: ஆசிரியை, திண்டுக்கல். பொருள்: பதில். பெறப்பட்ட நாள்: மார்ச் 21, செவ்வாய்க்கிழமை.